மூக்குக் கண்ணாடி முகபாவம் சொல்லித் தருமா?

போன மாதம் ஒரு சாயங்கால நேரம். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, கல்வத்தைக் கழுவி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தாவும் பாட்டியும் ஆறு வயசுப் பேரனோடு உள்ளே வந்தார்கள். பையன் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான். தாத்தா பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, இவன் சித்தப்பா துபாயிலேருந்து வாங்கி அனுப்பியிருக்கான். ஏதோ கம்ப்யூட்டர் கண்ணாடியாம். இதைப் போட்டா ஆட்டிசம் பிள்ளைங்க சரியாயிடும்னு யாரோ அவன்கிட்டே சொல்லியிருக்காங்க. போட்டுவிடலாமா? இல்லே, உங்க லேகியமே போதுமா?"

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி! இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். அன்றைக்கு அவர்களிடம் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

'சித்த வைத்தியருக்குக் கம்ப்யூட்டர் கண்ணாடியைப் பத்தி என்ன தெரியும்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? தாராளமாகக் கேளுங்கள். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன்தான். ஆனாலும் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்ததற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆட்டிசம் என்றால் என்ன?

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர், தன்னிடம் வந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அடுத்த வருஷமே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற டாக்டரும் ஏறக்குறைய இதே மாதிரிக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதிலிருந்துதான் 'ஆட்டிசம்' என்ற பெயர் குழந்தை மருத்துவத்தில் நிலைத்தது.

இது காய்ச்சல், மஞ்சள் காமாலை போல வந்து போகிற வியாதி கிடையாது. மூளை வளருகிற விதமே சற்று வேறு மாதிரி அமைந்துவிடுவது. இதில் பரம்பரைக் கூறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 'அம்மா பாசமாக வளர்க்கவில்லை, அதனால்தான்' என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது தப்பு என்று எப்போதோ தள்ளிவிட்டார்கள். 'தடுப்பூசியால் வருகிறது' என்று 1998-ல் ஒரு கட்டுரை கிளப்பிவிட்டது. அதை வெளியிட்ட 'லான்செட்' பத்திரிகையே 2010-ல் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆகவே தாய்மார்களே, உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் வருஷக் கணக்குப்படி, உலகத்தில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இருக்கலாம்.

முகம் என்கிற புத்தகம்

சர்க்கரை டப்பாவில் குழந்தை கை வைக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, லேசாகப் புருவத்தை மட்டும் உயர்த்துகிறீர்கள். குழந்தை கையை எடுத்துவிடுகிறது! இந்த முகபாஷையை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொண்டது.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்தப் பாடம் தானாக நடப்பதில்லை. சிலர் முகத்தைப் பார்ப்பதே குறைவு. சிலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பது, வெயிலை நேராகப் பார்க்கிற மாதிரி கூசும். அம்மா அழுதால் ஏன் அழுகிறாள் என்று அதற்குப் புரியாமல் போகலாம். அன்பு இல்லாமல் இல்லை. முகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வழக்கமாக இதைப் படம் போட்ட அட்டைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். 'இது சிரிப்பு, இது கோபம், இது பயம்...' குழந்தை அட்டையை ஒப்பித்துவிடும். ஆனால் அடுப்படியில் நிற்கிற அம்மாவின் முகம் அந்த அட்டையில் இல்லையே! நிஜ முகம் அசைந்துகொண்டே இருக்கிறது. பாடம் அங்கேதான் உதைக்கிறது.

கண்ணாடி பிறந்த கதை

காது மந்தமானவருக்கு ஒரு கருவி வைக்கிறோம். அதைப்போல முகபாவம் புரியாதவருக்கும் ஒரு கருவி வைத்தால் என்ன? எகிப்தில் பிறந்த ரானா எல் காலியூபி என்ற பெண் விஞ்ஞானி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது இதே யோசனையைக் கையில் எடுத்தார். 2005 வாக்கில் அவரும் அவருடைய பேராசிரியரும் இதற்கு வைத்த பெயரே 'உணர்ச்சிகளுக்கான காது கேட்கும் கருவி'.

2013-ல் கூகுள் கம்பெனி 'கூகுள் கிளாஸ்' என்ற கண்ணாடியை வெளியிட்டது. விலை 1,500 டாலர். சட்டத்தில் ஒரு குட்டிக் கேமரா, வலது கண்ணுக்கு மேல் ஓரமாக ஒரு குட்டித் திரை. அதே வருஷம் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட்டலின் வாஸ் என்ற மாணவரும், நிக் ஹேபர் என்ற ஆராய்ச்சியாளரும் இதை ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஆரம்பித்தார்கள். வாஸின் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு ஆட்டிசம் இருந்ததுதான் இதற்குத் தூண்டுகோல். பிறகு டென்னிஸ் வால் என்ற பேராசிரியரின் தலைமையில் இது முழு ஆராய்ச்சியாக வளர்ந்தது. 'சூப்பர் பவர் கிளாஸ்' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நெட் சாஹின் என்ற மூளை விஞ்ஞானி தொடங்கிய 'பிரெய்ன் பவர்' கம்பெனியும் இதே வழியில் இறங்கியது.

எப்படி வேலை செய்கிறது?

குழந்தை கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறது. எதிரே அம்மா. கேமரா அம்மாவின் முகத்தைப் படம் பிடித்து, பக்கத்தில் இருக்கிற செல்போனுக்கு அனுப்புகிறது. முகம் பார்வைக்குள் வந்ததும் குட்டித் திரையில் ஒரு பச்சைக் கட்டம் தெரியும். அம்மா சிரித்தால் ஓரத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை முகம் வரும். அல்லது காதோரம் 'சந்தோஷம்' என்று ஒரு குரல் சொல்லும்.

செல்போனுக்கு எப்படித் தெரிகிறது? லட்சக்கணக்கான முகப்படங்களைக் காட்டி முன்கூட்டியே அதைப் பழக்கியிருக்கிறார்கள். சந்தோஷம், துக்கம், கோபம், அருவருப்பு, ஆச்சரியம், பயம், ஏளனம், எதுவும் இல்லாத சாதா முகம் என்று எட்டு வகை. நம் ஊரில் நவரசம் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு பட்டியல்! சிலருக்குச் சும்மா இருக்கும்போதே முகம் சிடுசிடுவென்று இருக்கும் இல்லையா? அதற்காக, வீட்டாரின் சாதா முகத்தை முதலில் பழக்கிவிடவும் வசதி உண்டு.

சும்மா மாட்டிக்கொண்டு திரிவதற்காக அதைச் செய்யவில்லை. விளையாட்டாகத்தான் கொடுத்தார்கள். 'சிரிப்பைப் பிடி' என்று ஒரு ஆட்டம். ஏதாவது செய்து எதிராளியைச் சிரிக்கவோ ஆச்சரியப்படவோ வைக்க வேண்டும். 'கண்டுபிடி' என்று இன்னொன்று. அம்மா ஒரு பாவம் காட்டுவாள், குழந்தை சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பதிவான காட்சியைப் போனில் போட்டு, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பார்த்துப் பேசலாம்.

சோதனை என்ன சொன்னது?

2018-ல் 14 குடும்பங்களில் நடந்த சின்ன சோதனையின் முடிவு வந்தது. வாரத்துக்குக் குறைந்தது மூன்று தடவை, தடவைக்கு 20 நிமிஷம், ஏறக்குறைய பத்து வாரம். 14-ல் 12 வீட்டார், 'பிள்ளை முன்னைவிடக் கண்ணைப் பார்க்கிறான்' என்றார்கள். ஆறு குழந்தைகளுக்கு ஆட்டிசத்தின் கடுமையைக் காட்டும் அளவு ஒரு படி இறங்கியது. ஆனால் கண்ணாடி போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை அது.

அந்தக் குறையைச் சரிசெய்து, 2019 மார்ச்சில் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' என்ற பத்திரிகையில் அடுத்த சோதனை வெளிவந்தது. 6 முதல் 12 வயது வரை 71 குழந்தைகள். குலுக்கல் முறையில் 40 பேருக்குக் கண்ணாடி, 31 பேருக்குக் கிடையாது. இரண்டு கூட்டத்தாருக்கும் வழக்கமான நடத்தைப் பயிற்சி தொடர்ந்து நடந்தது. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்! கண்ணாடிக் குழந்தைகள் வாரம் நான்கு தடவை, தடவைக்கு 20 நிமிஷம், ஆறு வாரம் விளையாடினார்கள்.

முடிவு? பிறரோடு பழகும் திறனை அளக்கிற ஒரு அளவுகோலில், கண்ணாடிக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட 4.58 மார்க் கூடுதல். நூறை நடுமையமாக வைத்த அளவுகோல் அது. மற்ற அளவுகோல்களிலும் கொஞ்சம் நல்ல பக்கம்தான் சாய்ந்தது, ஆனால் அடித்துச் சொல்லுகிற அளவுக்கு இல்லை.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 'சரியாகிவிட்டது' என்ற வார்த்தை அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை.

நான் தயங்குகிற இடங்கள்

ஒன்று. சோதனை சின்னது. 71 குழந்தைகள், ஆறு வாரம். பிள்ளைக்குக் கண்ணாடி கிடைத்தது பெற்றோருக்குத் தெரியும். மார்க்கும் பெற்றோரைக் கேட்டுப் போட்டதுதான். ஆசை கொஞ்சம் மார்க்கைக் கூட்டியிருக்கலாம்.

இரண்டு. முகம் எப்போதும் மனசைக் காட்டுமா? மாமியார் எதிரில் சிரித்துக்கொண்டே மனசுக்குள் அழுத அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்! லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளை அலசி, முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று 2019-ல் எழுதினார்கள். கோபத்தில் எல்லாரும் முகம் சுளிப்பதில்லை. சுளித்த முகமெல்லாம் கோபமும் இல்லை. வெறும் தலைவலியாகக்கூட இருக்கலாம்.

மூன்று. படிக்க வேண்டியது குழந்தை மட்டும்தானா? இங்கிலாந்தில் டேமியன் மில்ட்டன் என்ற அறிஞர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கேள்வி கேட்டார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்கிறோம். மற்றவருக்கு ஆட்டிசம் உள்ளவரைப் புரிகிறதா? இரண்டு பக்கமும்தானே புரியவில்லை! குழந்தைக்கு நம் முகத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். அது கையை உதறுவதற்கும், காதைப் பொத்திக்கொள்வதற்கும் அர்த்தம் என்ன என்று நாமும் கற்றுக்கொள்ள வேண்டாமா?

நான்கு. கண்ணாடியில் கேமரா இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் படத்தில் விழுவார்கள். ஐரோப்பிய யூனியனில் 2025 பிப்ரவரி முதல், பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்குத் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு.

ஐந்து. இதுதான் முக்கியம். பொதுமக்களுக்குக் கூகுள் கிளாஸ் விற்பதை 2015-லேயே நிறுத்தினார்கள். கம்பெனிகளுக்காக விற்றுவந்ததும் 2023 மார்ச்சோடு நின்றது. இன்று கடைகளில் கிடைக்கிற ஸ்மார்ட் கண்ணாடிகள் படம் எடுக்கும், பாட்டுப் பாடும், போன் பேச உதவும். தாத்தா கொண்டுவந்த பெட்டியில் இருந்ததும் அதுதான். ஸ்டான்ஃபோர்டில் சோதித்த பயிற்சி அதற்குள் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தால் மருந்து ஒன்றாகிவிடுமா?

கண்ணாடி இல்லாத கண்ணாடி விளையாட்டு

அந்தச் சோதனையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது நிறையவே இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள், 20 நிமிஷம், அம்மாவோ அப்பாவோ போனைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் எதிரே உட்கார்ந்தார்கள். இதற்கு டாலர் வேண்டாமே!

* குழந்தையின் உயரத்துக்கு இறங்கி, தரையில் உட்காருங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள்.
* நிலைக்கண்ணாடி முன் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு முகபாவம் காட்டி அதன் பெயரைச் சொல்லுங்கள். 'அம்மா சிரிக்கிறா... அம்மாவுக்குச் சந்தோஷம்.' ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு போதும்.
* உணர்ச்சி நிஜமாக வரும்போது பெயர் சொல்லுங்கள். பால் பொங்கி வழிந்ததா? 'அய்யோ, அம்மாவுக்கு எரிச்சல்!'
* குழந்தையின் உணர்ச்சிக்கும் பெயர் சொல்லுங்கள். 'மிக்சி சத்தம் பிடிக்கலையா கண்ணு?'
* தாடையைப் பிடித்துத் திருப்பி, 'என் கண்ணைப் பாருடா' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். மூக்கைப் பார்த்தாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்தாலே சரி.
* முரண்டு பிடித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இது பேச்சுப் பயிற்சிக்கும் நடத்தைப் பயிற்சிக்கும் பதில் இல்லை. அவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

அப்போ, லேகியம்?

என் தொழிலைப் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிற லேகியமோ, நெய்யோ, பற்பமோ, செந்தூரமோ என்னிடம் இல்லை. வேறு யாராவது 'மூன்று மண்டலத்தில் குணம்' என்று சொன்னால் நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள். உலோகம் சேர்ந்த மருந்துகளைப் பச்சைப் பிள்ளைகளுக்கு யார் சொன்னாலும் கேட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள். வலிப்புக்கு ஆங்கில மருந்து சாப்பிடுகிற குழந்தைக்கு, அதை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

நான் செய்யக்கூடியது சின்ன வேலைகள். இந்தக் குழந்தைகளில் பலருக்கு மலச்சிக்கல் உண்டு, தூக்கம் சரியிருக்காது, சாப்பாட்டில் நாலு பதார்த்தத்தைத் தவிர வேறு தொடாது. உணவைச் சீர்செய்து, வயிற்றையும் தூக்கத்தையும் சரிப்படுத்தினால் பயிற்சியில் குழந்தை தெளிவாக உட்காரும். வாராவாரம் எண்ணெய்க் குளியல்கூட எல்லாருக்கும் ஆகாது. எண்ணெயின் வழவழப்பே சில குழந்தைகளுக்கு நெருப்புப் பட்ட மாதிரி இருக்கும். பிடித்து வைத்துத் தேய்க்காதீர்கள்.

என் சொந்தக் காரணம்

2002-ம் வருஷம் இருக்கும். நான் வைத்தியசாலை ஆரம்பித்த புதிது. ஒரு தாய் மூன்று வயசுப் பையனைக் கூட்டிவந்தாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறான் ஐயா. பேச்சும் வரலே" என்றாள். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். "ஆம்பிளைப் பிள்ளைங்க லேட்டாத்தாம்மா பேசும். கவலைப்படாதே" என்று சொல்லி, வல்லாரை நெய் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வருஷம் மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்தாள். நானும் நெய்யை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஐந்து வயசில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் பார்த்துவிட்டுச் சொல்லித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டிசம் என்றார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். திட்டவில்லை. "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தாறு வயசிருக்கும். அப்பாவின் கடையில் சரக்கு அடுக்குகிறான். ஒரு டப்பா வரிசை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவான். பேச்சு சில வார்த்தைகள்தான். சீக்கிரம் பயிற்சி ஆரம்பித்திருந்தால் இன்னும் எவ்வளவு பேசியிருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தை எந்த நெய்யும் திருப்பித் தராது.

இந்தக் கதையைச் சொல்வதே நீங்கள் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான். கீழே உள்ளவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள்:

* 9 மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை
* ஒரு வயசில் டாட்டா காட்டுவது போன்ற கைச்சைகை இல்லை
* ஒன்றரை வயசில் 'அதோ பார்' என்று விரல் நீட்டிக் காட்டவில்லை
* இரண்டு வயசில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை
* வந்த பேச்சோ பழக்கமோ எந்த வயசிலானாலும் நின்றுபோனது

முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். பிறகு குழந்தை நல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ம் வருஷச் சட்டப்படி ஆட்டிசமும் மாற்றுத்திறன் பட்டியலில் உண்டு. சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள். அது உங்கள் குழந்தையின் உரிமை.

தாத்தாவிடம் கடைசியாகச் சொன்னேன்: "கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துடுங்க ஐயா. அந்தப் பணத்திலே பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. தினம் இருபது நிமிஷம் நீங்களும் பாட்டியும் பேரன் எதிரே உட்காருங்க."

பாட்டி கேட்டார்: "உட்கார்ந்து என்னத்தைப் பண்றது ஐயா? அவன் எங்களைப் பார்க்கவே மாட்டானே..."

"அவன் எதைப் பார்க்கிறானோ, முதல்லே அதை நீங்க பாருங்கம்மா" என்றேன்.

பாட்டி நாற்காலியை இழுத்துப் பேரன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.